நூக்கோலுக்குப் பின்னால் ஒரு சரக்கு யார்டு

பிளாஷெனா ஷெபெலோவாவிடம் திட்டு வாங்காமல் எங்கள் கலினவெட்ஸ் ஊரில் யாரும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதில்லை. மேயர் வாங்கியிருக்கிறார், பாதிரியார் வாங்கியிருக்கிறார், நானும் வாங்கியிருக்கிறேன். சந்தைத் திடலில் வலது பக்கம் திருப்பச் சொன்னபோது நான் இடது பக்கம் திருப்பி, முட்டை வண்டியை இடிக்கப் போய் எப்படியோ நிறுத்தினேன். பக்கத்து இருக்கையிலிருந்து அந்த அம்மாள் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"ராதிம், ஸ்பூன் பிடிக்கிற கை எதுடா உனக்கு?"

சாவி வெட்டும் கடை வைத்து, தலை நரைத்து, பேரன் எடுத்த பிறகும் நான் திருப்பத்தில் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளாமல் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. ஊர் முழுக்க டிரைவர்கள் இப்படித்தான். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்கள் ஊரில் விபத்து குறைவு.

ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து பூச்செடி வளர்ப்பார் என்று நினைத்தோம். நினைப்பில் மண். பழைய பால் நிலையத்தின் அடித்தளத்தில் எங்கள் மாதிரி ரயில் சங்கம் கூடும். குட்டித் தண்டவாளம், குட்டி எஞ்சின், குட்டி ஸ்டேஷன் என்று நிஜத்தை அப்படியே சுருக்கிச் செய்து மேஜை மேல் ஓட்டுவோம். பொம்மை ரயில் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது, கெட்ட கோபம் வரும். அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த அந்த இடத்துக்கு ஒரு மாலை பிளாஷெனா படியிறங்கி வந்தார். பீர் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டைத் தேடினோம்.

மரம் செய்யச் சொன்னோம். புதிதாக வருகிறவர்களுக்கு மரம்தான். கம்பியை முறுக்கி, பச்சைப் பஞ்சை ஒட்டிக்கொண்டு சில நாள் சும்மா இருந்தார். பிறகு ஒரு நாள் கையிலிருந்த மரத்தை மேஜையில் நட்டு வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏண்டா, ஆல்ப்ஸ் மலை பண்றீங்க, பார்க்காத பாரிஸ் பண்றீங்க. நம்ம ஊர் சரக்கு யார்டை ஒருத்தனும் ஏன் பண்ணல?"



எங்கள் ஊரில் பாதி அடுப்பு அந்த யார்டால்தான் எரிந்தது. நிலக்கரி வேகன்கள் இரவும் பகலும் வரும். யார்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மேடு, ஒன்று ஆற்றுப் பக்கம், ஒன்று ஊர்ப் பக்கம். எஞ்சின் பின்னாலிருந்து வேகன்களை மேட்டில் ஏற்றும். உச்சியில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால் அது தானே சரிவில் உருண்டு தன் தண்டவாளத்துக்குப் போகும். கீழே ஒரு ஆள் கூடவே ஓடி, தண்டவாளத்தின் மேல் இரும்புக் கட்டையை வைத்துச் சக்கரத்தை நிறுத்துவான். கொஞ்சம் பிந்தினால் வேகன் போய் முன்னால் நிற்பதை மோதும், கொஞ்சம் முந்தினால் கை போகும். இப்போது அந்த இடத்தில் பெரிய அங்காடியும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் உலகம் உண்டான நாளிலிருந்தே அங்கே கார் நிறுத்துமிடம்தான் இருந்தது என்று நம்புகிறார்கள்.

யார்டை யாரும் செய்யாததற்குக் காரணம், ஒரு புகைப்படம்கூட இல்லை. அந்தக் காலத்தில் ரயில்வேயை நோக்கிக் கேமராவைத் தூக்கினால் எங்கிருந்தாவது ஒரு சீருடை முளைத்து ஃபிலிமை உருவிக்கொண்டு போய்விடும். விமானத்திலிருந்து ராணுவம் எடுத்த படத்தில் ஊர் முழுவதும் தெரிகிறது, யார்டு இருந்த இடம் மட்டும் வெள்ளை. வரைபடங்கள் பெருவெள்ளத்தில் கூழாகிப் போயின. சான்று இல்லாமல் செய்தால் வருஷா வருஷம் நடக்கும் மாதிரி ரயில் போட்டியில் "உண்மைப் பிரிவில்" சேர்க்கமாட்டார்கள். "கற்பனைப் பிரிவில்" தள்ளிவிடுவார்கள். போன வருஷம் அந்தப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது, டிராகனின் வாய்க்குள் ரயில் போய் வாலில் வெளியே வரும் ஒரு சமாசாரம்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். பிளாஷெனா கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவுதானே? படம் நான் கொண்டு வரேன்."

"இல்லாத படத்த எங்கேருந்து டீச்சர் கொண்டு வருவீங்க?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

"நீ லைசென்ஸ் வாங்கினதவிட இது ஒண்ணும் கஷ்டம் இல்லடா. நாளைக்கு வண்டிய எடுத்துட்டு வா."

அப்படித்தான் நான் அவருக்கு டிரைவர் ஆனேன். முதலில் ரெஹொர் குப்காவைப் பார்க்கப் போனோம். யார்டில் கட்டை வைத்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். வயது எண்பத்தெட்டு, காது மந்தம், குரல் மட்டும் இடி. அவரிடம் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். இரண்டு மேட்டில் ஒன்றில், உயரமான இரும்புக் கால்கள் மேல் ஒரு மரக்கூண்டு இருந்தது. எந்த வேகன் எந்தத் தண்டவாளத்துக்கு என்று அங்கிருந்துதான் ஒலிபெருக்கியில் கத்துவார்கள். கூண்டு இருந்த மேடுதான் பெரிய மேடு. விளக்குக் கம்பங்கள், குழாயடி, தகரக் கொட்டகை எல்லாம் அதைச் சுற்றித்தான் இருந்தன. கூண்டு இருந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது, எந்த முனையில் என்று கேட்டால்தான் ஊர் இரண்டாகப் பிரிகிறது.

"பெரியவரே, கூண்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"என் இடது கைப் பக்கம்!" என்று கர்ஜித்தார்.

"நீங்க எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?"

"வேலை செய்றவன் நாலு பக்கமும்தாம்மா பாப்பான்!"

"அப்ப கூண்டு?"

"அதான் சொன்னேனே, இடது கைப் பக்கம்! நான் கைய நீட்டினா மேலேருந்து டீ குவளைய கயித்துல இறக்குவான்."

வாழ்நாள் முழுவதும் இடது வலதைப் பிறருக்கு மண்டையில் ஏற்றிய அம்மாள், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். காரில் ஏறியதும், "இந்த ஆளு மட்டும் என்கிட்ட டிரைவிங் கத்துக்க வந்திருந்தா நான் அன்னிக்கே வேலைய விட்டிருப்பேன்" என்றார்.

வழி பிறந்தது வாவ்ரோவா அம்மாள் வீட்டில். அவருடைய கணவர் ரயில்வேயில் இருந்தவரும் இல்லை. பிளாஷெனாவின் பழைய மாணவி என்ற முறையில் காப்பி குடிக்கப் போனோம். கசகசா வைத்த ரொட்டி வந்தது. சுவரில் காலஞ்சென்ற கணவரின் படம், குழந்தையைத் தூக்குவது போல் ஒரு பெரிய நூக்கோலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். பிளாஷெனா ரொட்டியை வாயில் வைத்தபடியே எழுந்து போய் படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நின்றார்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பின்னால நிக்குதே, அது என்ன?"

"அதுவா? ஏதோ ரயிலு. தோட்டத்துக்குப் பக்கத்துலதானே யார்டு இருந்துச்சு."

விஷயம் இதுதான். யார்டின் ஓரமாக நீண்ட துண்டு நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தோட்டம் போடக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் யாருடைய நூக்கோல் பெரியது என்று போட்டி நடக்கும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. பரிசு வாங்கியவரைத் தோட்டத்துக்கும் யார்டுக்கும் நடுவிலிருந்த கரையில் நிற்க வைத்து, நூக்கோலோடு படம் எடுப்பார்கள். நூக்கோலைப் படம் எடுப்பதை எந்தப் போலீஸ் தடுக்கும்? எங்கள் வட்டாரப் போலீஸ்காரரே அங்கே ஒரு பாத்தி வைத்திருந்தார், ஒரு வருஷம் அவரே ஜெயித்து அதே இடத்தில் பல்லைக் காட்டி நின்றார். நாடே மூடி மறைத்த யார்டு, ஊரார் வீட்டுச் சுவர்களில் நூக்கோலுக்குப் பின்னால் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நாங்கள் ஏறி இறங்காத மாடி இல்லை. கதவைத் திறந்தவர்களுக்கு முகம் வெளுக்கும். "லைசென்ஸத் திரும்பக் கேக்க வந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன் டீச்சர்" என்று ஒரு பல் டாக்டர் மனமாரச் சொன்னார். ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நூக்கோலைப் பறித்த கதை, வேலி தாண்டி வந்த ஆட்டின் கதை, பக்கத்துப் பாத்திக்காரன் இரவோடு இரவாக ஊற்றிய உப்புத் தண்ணீரின் கதை எல்லாவற்றையும் சொல்லாமல் விடமாட்டார்கள். பிளாஷெனா எதையும் காதில் வாங்கமாட்டார். பூதக்கண்ணாடியோடு மனிதர்களின் காதுக்கும் தோளுக்கும் இடையில் இருக்கும் இடுக்கைத்தான் பார்ப்பார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. விளைச்சல் நன்றாக இருந்த வருஷங்களில் நூக்கோல் பெரிதாகி யார்டையே மறைத்துவிடும். ஊரே இன்னும் புகழும் ஒரு வருஷத்துப் படத்தைப் பார்த்துப் பிளாஷெனா பல்லைக் கடித்தார்.

"இந்த மனுஷன் உரத்தக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கக் கூடாதா? ஒரு தண்டவாளம்கூடத் தெரியல, பாவி!"

எங்களைக் காப்பாற்றியவர் ஆலோயிஸ் பெட்னார். தோட்டக்காரர்களிலேயே கைராசி இல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆள் குறைவாகச் சேரும் வருஷங்களில் மூன்றாம் பரிசு வாங்குவார், நூக்கோல் முட்டையைவிடச் சற்றுப் பெரிது. அவருக்குப் பின்னால் யார்டு விரிந்து கிடந்தது. மேடு, வேகன் வரிசை, தகரக் கொட்டகை, கூண்டின் ஒரு கால், பாதி ஜன்னல், எல்லாம். அந்தப் படங்களில் கூண்டு இடது பக்கம், தோட்டத்திலிருந்து பார்த்தால் அதுதான் ஆற்று முனை. பெட்னார் இறந்து பல வருஷம் ஆகிறது. பிளாஷெனா அவர் கல்லறைக்குப் போய் ஒரு பூங்கொத்தும் ஒரு சின்ன நூக்கோலும் வைத்துவிட்டு வந்தார். நான் சிரித்தேன், அடி வாங்கினேன்.

இரண்டு குளிர்காலம் வேலை நடந்தது. நான் விளக்குக் கம்பம் செய்தேன், மற்றவர்கள் வேகன் செய்தார்கள், மேட்டையும் கூண்டையும் பிளாஷெனா யாரையும் தொட விடவில்லை. தீக்குச்சியை இழைத்து கூண்டின் பலகைகளைச் செய்தார். மேட்டின் சரிவு சரியாக வராமல் ஏழெட்டு முறை பிரித்துக் கட்டினார். கடைசியில் ஒரு வேகனை உச்சியில் வைத்து விரலால் தொட்டதும், அது தானே இறங்கி, வளைந்து, தன் தண்டவாளத்துக்குப் போய் மெதுவாக நின்றது. அன்றைக்கு அடித்தளத்தில் நாங்கள் பிளம் சாராயம் குடித்தோம். பிளாஷெனா குடிக்கவில்லை. அந்த வேகனைத் திரும்பத் திரும்ப மேட்டில் ஏற்றி உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடுவர் வந்தார். லுமிர் ஹன்செல்கா, பக்கத்து ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரும் டீச்சரின் பழைய மாணவர்தான். நல்ல மனிதர், ஆனால் விதி என்று வந்துவிட்டால் அவரைத் தலைகீழாக நின்றாலும் அசைக்க முடியாது. யார்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் விரிந்ததை நான் பார்த்தேன். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்க நூக்கோல் படமாத் தேடறீங்கன்னு கேள்விப்பட்டு எங்க மாமா பெட்டிய நோண்டினேன். இதப் பாருங்க."

அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே தெளிவான படம் அதுதான். எங்கள் நாட்டிலேயே செய்த ஒரு பழைய ஷ்கோடா கார், முதுகைக் காட்டி நிற்கிறது. அதன் பின்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் முதல் பரிசு வாங்கிய நூக்கோல், நம்பர் பிளேட்டை முழுவதுமாக மறைத்துக்கொண்டு. பக்கத்தில் மாமா தொப்பியைத் தூக்கிக் காட்டுகிறார். காரின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அத்தை திரும்பிச் சிரிக்கிறார். அவர்களுக்கு அப்பால் கூண்டு, நாலு காலும் தெரிய, ஜன்னலில் ஆள் முகம்கூடத் தெரிய, படத்தின் வலது பக்கத்தில் நின்றது. ஊர் முனையில்.

"பெட்னார் படத்துல கூண்டு இடது பக்கம் இருக்கே!" என்றேன் நான்.

"அதுல பாதி ஜன்னலும் ஒரு காலும்தான் இருக்கு ராதிம். அது விளக்குக் கம்பமாக்கூட இருக்கலாம். இதுல முழுசா இருக்கு. சான்று ரெண்டு பக்கமும் பேசினா அது சான்று இல்ல. ஏன் இப்படின்னு எனக்கு யாராவது விளக்கணும். இல்லேன்னா டீச்சர், நான் கற்பனைப் பிரிவுலதான் சேர்க்க முடியும்."

பிளாஷெனா முகம் சிவந்தது. "லுமிர், கற்பனைன்னு சீட்டு ஒட்டின மறு நிமிஷம் இத உடைச்சு அடுப்புல போடுவேன். டிராகனுக்குப் பக்கத்துல என் யார்ட நிக்க வைக்க மாட்டேன்."

அவர் சொன்னால் செய்வார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், லுமிருக்கும் தெரியும். ஆனாலும் அவர் தலையை ஆட்டிவிட்டுப் படத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அந்த மூன்று வாரம் அம்மாள் பாதியாகிவிட்டார். லுமிரின் படத்தைச் சுவரில் குத்தி வைத்து, வரும்போதும் போகும்போதும் அதையே பார்த்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. நான் ஒரு நாள் வேண்டுமென்றே சிகப்பு விளக்கைத் தாண்டி ஓட்டிப் பார்த்தேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மனசு கனத்துப் போயிற்று எனக்கு.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை மாலை நான் கம்பங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது அவர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கூண்டப் பேத்து ஊர் மேட்டுக்கு மாத்தப் போறேன்" என்றார். "படம் அவ்வளவு தெளிவா இருக்கும்போது நான் பிடிவாதம் பிடிக்கிறது சரியில்ல. நான் தப்பு ராதிம்."

இந்த ஜென்மத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. கேட்டபோது எனக்குச் சந்தோஷமே இல்லை.

புது இடத்தில் கூண்டு எப்படி நிற்க வேண்டும் என்று பார்க்கப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து வந்து விளக்கடியில் பிடித்தார். பிறகு கத்தி கீழே விழுந்தது.

"ராதிம்! இந்த அம்மா எங்க உக்காந்திருக்கா?"

"காருல, டீச்சர்."

"காருலன்னு எனக்குத் தெரியாதா? காருல எங்கடா?"

"ஸ்டியரிங் முன்னால."

"அந்த ஸ்டியரிங் எந்தப் பக்கம்டா இருக்கு, ஸ்பூன் பிடிக்கிற கைய வச்சுச் சொல்லு!"

கையைப் பார்த்தேன். காரைப் பார்த்தேன். கார் முதுகைக் காட்டி நிற்கிறது, அத்தை வலது பக்கக் கதவில் இருக்கிறார், ஸ்டியரிங் வலது பக்கம். எங்கள் நாட்டில் எந்தக் காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிறது? ஒரு காருக்கும் கிடையாது. எல்லாக் காருக்கும் இடது பக்கம்தான்.

பிளாஷெனா கைப்பையைக் கொட்டி உதட்டுச்சாயக் கண்ணாடியை எடுத்து, படத்துக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் அத்தை இடது பக்கம் போனார், ஸ்டியரிங் இடது பக்கம் போனது, கூண்டு ஆற்று முனைக்குப் போய் நாலு காலில் கம்பீரமாக நின்றது. பெட்னார் படத்தைப் பக்கத்தில் வைத்தோம். அதே ஜன்னல், அதே கால்.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் வீட்டுக் குளியலறையில்தானே படம் கழுவினார்கள். தொட்டி மேல் பலகை, சிகப்பு பல்பு, வெளியே கதவை இடித்துக்கொண்டு அவசரத்தில் நிற்கும் பிள்ளைகள். அந்த அவசரத்தில் மாமா ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார், படம் இடவலம் மாறி விழுந்துவிட்டது. அவர் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அவர் பார்த்தது நூக்கோலை மட்டும். நூக்கோலுக்கு இடம் ஏது, வலம் ஏது!

"லுமிருக்கு இப்பவே போன் போடட்டுமா டீச்சர்?"

"போட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றார். திட்டு திரும்பிவிட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை கலாச்சார மன்றத்தில் நெரிசல். டிராகனும் வந்திருந்தது, இந்த வருஷம் புகை வேறு விட்டது. லுமிர் மேஜை மேஜையாகச் சீட்டு ஒட்டிக்கொண்டு எங்களிடம் வந்தபோது கையில் மஞ்சள் சீட்டு தயாராக இருந்தது. மஞ்சள் என்றால் கற்பனை. கூண்டு இன்னும் ஆற்று மேட்டிலேயே இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"டீச்சர், மன்னிச்சுக்குங்க..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். ராதிம், ரெண்டு நாற்காலிய எடுத்து இப்படிப் பக்கத்துல பக்கத்துல போடு. லுமிர், இது கார். ஏறு. வண்டிய எடு."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க..."

"ஏறுன்னா ஏறு!"

பழைய மாணவனின் கால்கள் அந்தக் குரலுக்குத் தானே நடந்தன. லுமிர் சுற்றிக்கொண்டு போய் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். கையைத் தூக்கி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார், இல்லாத கண்ணாடியைக்கூடப் பார்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

"ஏன் இடது நாற்காலி?"

"ஸ்டியரிங் இங்கதானே டீச்சர் இருக்கும்?"

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

"உங்க அத்தைக்கு மட்டும் யாரு வலது பக்கம் மாத்தி வச்சுக் குடுத்தது?" என்று படத்தை அவர் மடியில் போட்டார்.

லுமிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இங்கிலாந்துக் காரோ என்னமோ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "ஷ்கோடாவ எந்த ராஜா குடும்பத்துக்குடா பண்ணி அனுப்பினாங்க?" என்று பிளாஷெனா திரும்பாமலே பதில் கொடுத்தார். உதட்டுச்சாயக் கண்ணாடியை லுமிரிடம் நீட்டினார். அவர் அதைப் படத்துக்கு எதிரே பிடித்தார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்.

"நாள் முழுக்கக் கண்ணாடி விக்கிறேன், இது தெரியல எனக்கு" என்று எழுந்து நின்றார். மஞ்சள் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு நீலச் சீட்டை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டு, யார்டின் விளிம்பில் ஒட்டினார். உண்மைப் பிரிவு. மன்றமே கை தட்டியது. டிராகன்காரர்கள்கூடத் தட்டினார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நான் அழுதேன். பிளாஷெனா அழவில்லை. "இன்னொரு தடவ ஓட்டிக் காட்டறியா லுமிர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பரிசும் எங்களுக்கே கிடைத்தது. ஆனால் அதைச் சொல்ல வரவில்லை நான்.

மத்தியானத்துக்கு மேல் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு ரெஹொர் குப்கா வந்தார். கூட்டம் வழி விட்டது. கைத்தடியை ஊன்றி, மேஜையின் தோட்டப் பக்கமாக நடந்து, ஆற்று மேட்டுக்குக் கீழே வந்து நின்றார். யார்டை அப்படியே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, யாரும் சொல்லாமலே, இடது கையை நீட்டினார். அது நேராகப் போய்க் கூண்டின் காலடியில் நின்றது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது, குவளைக்காக.

பிளாஷெனா என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது. பிறகு ஒரு நிலக்கரி வேகனை எடுத்து மேட்டு உச்சியில் வைத்து, விரலால் தொட்டுவிட்டார். வேகன் இறங்கியது, வளைந்தது, மூன்றாவது தண்டவாளத்தில் உருண்டு போய், முன்னால் நின்ற வேகனில் டிக் என்று மோதியது.

கிழவர் முகம் மாறியது. கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். மன்றத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது அந்தக் குரல்.

"மூணாவது லைன்ல கட்டைய வைக்காம வேகன விட்டது எவன்டா?"

ஊரில் ஒருத்தரை விடாமல் திட்டிய, தன்னை இதுவரை ஒருத்தரும் திட்டிக் கேட்டிராத பிளாஷெனா ஷெபெலோவா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

"நான்தாங்க" என்றார். "இதோ, வச்சிடறேன்."